செருப்பைக் கழற்றினால் சாய்ந்த கால்

ஒரு குண்டூசியால் என் இடது கால் போனது. நம்ப மாட்டீர்கள், ஆனால் நடந்தது அதுதான். காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுப் புடவைக் கடையில் இருபத்திரண்டு வருடமாக நான் விற்பனையாளன். எங்கள் கடையில் முதலாளியும் சரி, வாடிக்கையாளரும் சரி, செருப்பை வாசலிலேயே விட்டுவிட வேண்டும். வெள்ளை மெத்தை விரித்த மேடையில் வெறுங்காலோடு நின்றுதான் புடவையை விரித்துக் காட்டுவோம். புடவையிலிருந்து உதிர்ந்த ஊசி ஒன்று குதிகாலில் ஏறியிருக்கிறது. சர்க்கரையால் மரத்துப்போன கால் என்பதால் எனக்குத் தெரியவே இல்லை. புண் புரையோடி, போன ஆடியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

சின்னப் பிள்ளை மாதிரி அழுதேன். சொல்ல வெட்கமில்லை. காமாட்சி அம்மனிடம் ஒன்றே ஒன்று கேட்டேன். "அம்மா, மறுபடியும் அந்த மெத்தை மேல என்ன நிக்க வை. வேற எதுவும் வேணாம்." புடவை விரிப்பதைத் தவிர எனக்கு வேறு வேலை தெரியாது.

கார்த்திகையில் செயற்கைக் கால் வந்தது. பொருத்தும் நாளன்று கொஞ்சம் கௌரவமாகப் போக வேண்டும் என்று, குதிகால் தடித்த புதுச் செருப்பு வாங்கி மாட்டிக்கொண்டு போனேன். அங்கே நடை பழக வைத்திருந்த கம்பியைப் பிடித்து நடந்தேன், விட்டும் நடந்தேன். பஸ் ஸ்டாண்டிலிருந்து வீடு வரை நடந்தே வந்தேன். என் மனைவி சரளாவுக்கு நம்பவே முடியவில்லை. கால் பழகும்வரை வீட்டுக்குள்ளும் செருப்பைக் கழற்ற வேண்டாம் என்று அவளே சொல்லிவிட்டாள்.

அடுத்த வாரம் கடைக்குப் போய் வாசலில் செருப்பைக் கழற்றினேன். அவ்வளவுதான். யாரோ நெஞ்சில் கை வைத்துத் தள்ளுவது போலிருந்தது. முட்டி பின்பக்கமாகப் போய் அழுத்தியது. சமதரையில் மேடு ஏறுகிற மாதிரி ஒவ்வொரு அடியும் இழுத்தது. ஒரு கல்யாண வீட்டார் முன்னால் முகூர்த்தப் புடவையை விரித்தபடியே பின்னால் சாய்ந்து, அடுக்கி வைத்த புடவைகள் மேல் உட்கார்ந்துவிட்டேன். பெண்ணின் அத்தை சிரித்தார்.

"குமாரு, நீ கொஞ்ச நாள் குடோன்ல உக்காந்து மடிச்சுக்கினு இருப்பா" என்றார் முதலாளி. நல்ல மனிதர்தான். ஆனால் குடோனுக்குப் போனவர் யாரும் மெத்தைக்குத் திரும்பி நான் பார்த்ததில்லை.

தை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, வாராவாரம் போகிற மாதிரி, கோயிலுக்குப் போனேன். பிராகாரம் ஒரு சுற்று முடிவதற்குள் மூன்று முறை விழுந்தேன். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ரோட்டிலும் வீட்டுக்குள்ளும் நன்றாக நடக்கிறேன். காமாட்சி படம் மாட்டிய கடையில், வீட்டுப் பூஜை அறையில், கோயிலில் மட்டும் சாய்கிறேன். அப்படியானால் தள்ளுவது யார்? "நீதான தள்ற? சரி, இனிமே உன் வாசல மிதிக்க மாட்டேன்" என்று சன்னதி முன்னாலேயே சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

செருப்பு வைக்கும் இடத்தில் இருந்த செல்வியிடம் டோக்கனை நீட்டினேன். நாள் முழுக்க ஊர்க்கால்களைப் பார்க்கிறவர். நான் செருப்பை மாட்டிக்கொண்டு நான்கடி போனதும் கூப்பிட்டார்.

"அண்ணா, நில்லு. இன்னாண்ணா இது, செருப்பு போட்டா நேரா போற, கழட்டினா பின்னால சாயுற? எத்தினி வாரமா பாத்துக்கினு இருக்கேன். செருப்பு ஒசரத்துலதான் என்னமோ இருக்குது."

உடம்பு சிலிர்த்துவிட்டது. உள்ளே கேட்ட கேள்விக்கு வாசலில் பதில் வந்துவிட்டது.

மறுநாளே கால் பொருத்திய இடத்துக்கு ஓடினேன். அங்கிருந்த டெக்னீஷியன் என்னை வெறுங்காலோடு நிற்க வைத்து, செயற்கைப் பாதத்தின் குதிகாலுக்கு அடியில் ஒரு மரத்துண்டை வைத்தார். நேராக நின்றேன். எடுத்தார். முட்டி பின்னால் போனது.

"அண்ணே, அன்னிக்கு இந்தச் செருப்போடதான கால செட் பண்ணோம்? கழட்டினா குதிகால் கீழ எறங்குது, காலே பின்னால சாயுது. நாள் பூரா வெறுங்கால்ல நிப்பேன்னு ஒரு வார்த்த சொல்லலியே?"

சொல்லவில்லைதான். இருபத்திரண்டு வருடம் வெறுங்காலோடு நின்றவன், கௌரவத்துக்கு வாங்கிய செருப்பை நம்பிக் காலைப் பொருத்திக்கொண்டேன். அதன்பின் பழியை அம்மன் மேல் போட்டேன்.

அவர் கணுக்கால் திருகுகளைச் சிறிது திருப்புவார், என்னை நடக்கச் சொல்வார், மறுபடியும் திருப்புவார். மதியத்துக்குள் வெறுங்காலோடு நேராக நடந்தேன். "இனிமே தட்டையான செருப்புதான். தடிச்சத போட்டா முன்னால தள்ளும்" என்றார். கௌரவச் செருப்பு அன்றோடு பரணுக்குப் போனது.

பங்குனியில் மெத்தை ஏறினேன். இரண்டு கையிலும் புடவையை ஏந்தி, ஒரே வீச்சில் விரித்தேன். முதலாளி கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்த்தேன். இப்போது தினமும் காலையில் ஊசியோ புண்ணோ இருக்கிறதா என்று வலது பாதத்தின் அடியைக் கண்ணாடியில் பார்த்த பிறகுதான் காபி.

என் மாதிரி கால் இழந்து தவிப்பவர்களே, அம்மாவிடம் தைரியமாகக் கேளுங்கள். கோபித்துக்கொண்டு கேட்டாலும் கேட்பாள். ஆனால் அவளிடம் சொல்வதில் பாதியையாவது கால் பொருத்துகிறவரிடமும் சொல்லுங்கள். எங்கே நிற்பீர்கள், எதைப் போட்டு நடப்பீர்கள் என்று வெட்கப்படாமல் சொல்லுங்கள்.

வெள்ளிதோறும் செல்வியிடம் தட்டைச் செருப்பைக் கொடுத்துவிட்டு, "அம்மாவே உன் வாயால பேசினாம்மா" என்று ஆரம்பிப்பேன்.

"டோக்கன எடுத்துக்கினு உள்ள போண்ணா, பின்னால ஆளுங்க நிக்கிறாங்க" என்பார் அவர்.

நேராக நடந்து உள்ளே போகிறேன்.