மாமாவின் பட்டாளத்துக் கையுறை

“…மார்கழி மாசம் வைக்கப்போர் மேல நனைஞ்சு கிடக்குமே, அந்தப் பனின்னு நெனைச்சுட்டு நடக்காதிய அண்ணாச்சி. இது ஆளை முழுங்குத பனி. என் கால் தடத்துலயே கால் வைங்க. ஏட்டி, நீ என் கையை விட்டுராத” என்று சொல்லிக்கொண்டே மாமா முன்னால் நடந்தார்.

சொல்லி வாய் மூடவில்லை, பின்னால் வந்த குமாஸ்தா அண்ணாச்சி தடம் மாறிக் கால் வைத்துத் தொடைவரைக்கும் உள்ளே போய்விட்டார். வேட்டி மட்டும் குடை மாதிரி விரிந்து பனிமேல் நின்றது.

“ஆனைக்கும் அடி சறுக்கும்வே” என்றார், புதைந்த இடத்திலிருந்தே.

“ஆனை சறுக்கும். உம்மள மாதிரி நட்டுவச்ச வாழையா நிக்காது” என்று சொல்லி அவரைப் பிடுங்கி எடுத்தார் பாய்.

மலை முதுகில் நாங்கள் ஐந்து பேர். மாமா என்பது என் அம்மாவின் தம்பி. அவருக்குப் பின்னால் அப்பா, அப்பாவோடு சின்ன வயதிலிருந்து ஒன்றாகத் திரிந்த இரண்டு கூட்டாளிகள், அப்புறம் ஒன்பது வயது நான். கூட்டாளிகளில் ஒருவர் எங்கள் ஊர் ரெஜிஸ்தர் ஆபீஸ் குமாஸ்தா. பழமொழி இல்லாமல் தும்மக்கூட மாட்டார். இன்னொருவர் கடையநல்லூர் பாய். தறிச் சேலையை டெல்லிவரைக்கும் கொண்டுபோய் விற்று வந்தவர், இந்துஸ்தானி சரளமாகப் பேசுவார். அவரை நம்பித்தான் சங்கரன்கோவில் ஸ்டேஷனில் ரயிலேறியதே. மாமா கொடுத்த பட்டாளத்துக் கம்பளிக்கோட்டுகளை வேட்டிக்கு மேலே மாட்டிக்கொண்டு மூன்று பேரும் நடந்ததைப் பார்த்து, எதிரே ஆடு ஓட்டி வந்த மலைக்காரன் ஒருவன் ஆட்டை மறந்து நின்றுவிட்டான்.

ஊருக்குச் சொன்னது காசி யாத்திரை. போன காரியம் வேறு.

மாமாவுக்கும் அப்பாவின் தங்கைக்கும், அதாவது என் அத்தைக்கும், சின்ன வயதிலேயே பேசி முடித்தாகிவிட்டது. எங்கள் பக்கத்தில் பெண்ணைக் கொடுத்த வீட்டில் பெண்ணை எடுப்பது வழக்கம்தானே. அதற்குள் யுத்தம் வந்தது, மாமா பட்டாளத்துக்குப் போனார். ரோடு போடுகிற பட்டாளம். யுத்தம் முடிந்தது, சுதந்திரம் வந்தது, மாமா மட்டும் வரவில்லை. வடக்கே பனிமலைக்கு அனுப்பிவிட்டார்கள் என்றார்கள். அப்புறம் பட்டாளத்திலிருந்து விலகிவிட்டார் என்றும், அங்கேயே ரோடு வேலைக்குச் சாமான் கொடுக்கிற கிட்டங்கியில் இருக்கிறார் என்றும் சேதி வந்தது. வருகிறேன் என்றும் எழுதவில்லை, வரமாட்டேன் என்றும் எழுதவில்லை. அத்தைக்குத் திருவேங்கடத்தில் இருந்து ஒரு வரன் வந்து நின்றது. நல்ல கரிசல்காட்டுச் சம்சாரி வீடு. பங்குனி முடிவதற்குள் பதில் சொல்லியாக வேண்டும்.

“வருதாகளா இல்லையான்னு அவுக வாயாலயே கேட்டுட்டு வாங்க.” அத்தை அப்பாவிடம் சொன்னது இந்த ஒரு வார்த்தைதான். அதையும் கிணற்றுக்குள் வாளியை விட்டுக்கொண்டே, உள்ளே பார்த்துச் சொன்னாள்.

அம்மா என்னைக் கூட அனுப்பினாள். “இவளைத் தோள்ல தூக்கிட்டு ஊரெல்லாம் திரிஞ்சவன். பிள்ளை முகத்தைப் பார்த்தா வராம இருக்க மாட்டான்” என்பது அவள் கணக்கு. அப்படியாக நானும் ஒரு சீர்வரிசைச் சாமான் மாதிரி கட்டி அனுப்பப்பட்டேன்.

சிம்லா தாண்டி அரைநாள் பஸ்ஸில் போய் இறங்கிய அந்த ஊர்ப் பெயர் இன்றுவரை என் வாயில் சரியாக நுழைந்ததில்லை. மாமா பஸ்ஸடியில் நின்றார். என்னைக் கண்டதும் இடது கையால் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். “எம்புட்டு வளர்ந்துட்டா!” என்றார். வாயெல்லாம் சிரிப்பு. ஆனால் அப்பா வாயைத் திறந்து ஊர்ப் பேச்சை எடுத்தால் உடனே எழுந்து அடுப்பைத் தூண்டப் போய்விடுவார். அறைக்குள்ளேயும் கையுறையைக் கழற்ற மாட்டார். தடித்த பட்டாளத்துக் கையுறை. டீ குடிக்கும்போதும் அதுதான், பீடி பற்றவைக்கும்போதும் அதுதான்.

“ஊர்ல கோமணத்தோட கம்மாய்ல குதிச்ச பய. இங்கன வந்து துரை ஆயிட்டாம்லே” என்று குமாஸ்தா அண்ணாச்சி அப்பாவின் காதில் சொன்னது எனக்கும் கேட்டது. அப்பா முகம் கறுத்தது. துரையாகிவிட்டவன் சங்கரன்கோவிலுக்கு வந்து என் அத்தையோடு குடித்தனம் பண்ணுவானா? அந்த மூன்று பேரும் ராத்திரி கம்பளிக்குள் முணுமுணுத்தது இதைத்தான்.

இரண்டு நாள் இப்படி நழுவிவிட்டு, மூன்றாம் நாள் மாமாவே, “நாளைக்கு உங்களை மலை முதுகுல கூட்டிட்டுப் போறேன். பனி உருகுததுக்குள்ள பார்த்துரணும்” என்றார்.

“அதுவும் நல்லதுதான்” என்று அப்பா கூட்டாளிகளிடம் சொன்னார். “வீட்டுக்குள்ள கேட்டா நழுவுதான். மலை மேல எங்கன ஓடுதான்னு பார்ப்போம்.”

கீழே வசந்தம், மேலே வெள்ளை. அப்படி ஒரு காட்சியை நான் அதற்கு முன்னும் பின்னும் கண்டதில்லை. எங்கள் ஊரில் பங்குனி மாதம் கோயில் பிரகாரத்துக் கல் தோசைக்கல்லாகக் காயும். சுற்றுகிறவர்கள் நாமத்தைச் சொல்லிக்கொண்டு ஓடுவார்கள், பக்தியில் ஓடுவதாகப் பார்க்கிறவர்கள் நினைத்துக்கொள்வார்கள். இங்கே சரிவு முழுக்க ஏதோ ஒரு மரம் கல்யாண முருங்கை மாதிரி செக்கச்செவேலென்று பூத்துக் கிடந்தது. அதற்கு மேலே ஏற ஏறப் பூ குறைந்து, புல் குறைந்து, கடைசியில் ஒரே வெள்ளை. மலையின் முதுகெலும்பு மேல் நடப்பது போல ஒற்றையடித் தடம். இரண்டு பக்கமும் பள்ளம். தூரத்தில் மலைக்கு மேல் மலை, அதற்கு மேல் மலை.

நான் முதல் காரியமாகக் குனிந்து ஒரு பிடி அள்ளி நாக்கில் வைத்தேன். தூத்துக்குடி உப்பளத்தைப் பார்த்த கண், வேறென்ன நினைக்கும்? உப்பே இல்லை. நாக்குதான் மரத்துப் போனது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

“வெளுத்ததெல்லாம் பாலுன்னு நம்புதவுகளைப் பார்த்திருக்கேன்” என்றார் குமாஸ்தா அண்ணாச்சி. “எங்க ஊர்ப் பிள்ளை வெளுத்ததெல்லாம் உப்புன்னுல்லா நம்புது!”

மாமா அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. சிரித்துச் சிரித்து உட்கார்ந்தேவிட்டார். அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் அப்பாவுக்குத் தைரியம் வந்திருக்க வேண்டும். அங்கேயே ஒரு பாறைக்கு மறைவில் சாப்பிட உட்கார்ந்தோம். அம்மா ஜாடியில் கொடுத்தனுப்பிய புளிக்காய்ச்சலைப் போட்டு, குமாஸ்தா அண்ணாச்சி விடியற்காலையிலேயே கிளறிய சோறு. சில்லிட்டுப் போயிருந்தாலும் மூடியைத் திறந்ததும் எங்கள் வீட்டு அடுக்களை வாசம் வந்தது. மாமா கண்ணை மூடி அதை முகர்ந்தார். முகர்ந்துவிட்டு, கோட்டுப் பையிலிருந்து ஒரு கரண்டியை எடுத்தார்.

அக்கா கைப்புளிச்சோற்றைக் கரண்டியால், அதுவும் இடது கையால் சாப்பிடுகிற ஒரு தம்பியை அந்த மலை பார்த்திருக்காது. பீச்சாங்கையால் சோறு! நானே வாயைப் பிளந்துவிட்டேன்.

அப்பாவுக்கு அடக்கி வைத்ததெல்லாம் வந்துவிட்டது. “மாப்ளே, ஒண்ணு கேக்கேன். எங்க வீட்டுச் சோறு உனக்குக் கையில ஒட்டக் கூடாது, இல்லையா? எங்க வீட்டுப் பொண்ணும் அப்படித்தானா?”

மாமா கரண்டியை வைத்தார். “அப்படி இல்ல அத்தான்.”

“பின்ன எப்படி? வாரேன்னு சொல்லு, இல்லைன்னா வரலைன்னு சொல்லு. அவ உன் வாயாலயே கேட்டுட்டு வரச் சொல்லிட்டா. திருவேங்கடத்துக்காரன் எம்புட்டு நாளைக்கு நிப்பான்?”

“அவனுக்கே கொடுத்துருங்க” என்றார் மாமா, தூரத்து மலையைப் பார்த்துக்கொண்டு.

பெரியவர்கள் இப்படிப் பேசிக்கொண்டால் பிள்ளைகளுக்குச் சோறு இறங்காது. நான் எழுந்து, பாறையைச் சுற்றிக்கொண்டு, பள்ளத்தில் அந்தச் சிவப்புப் பூ தெரிகிறதா என்று எட்டிப் பார்க்கப் போனேன். பாறை மாதிரி இருந்தது பாறை இல்லை. கால் வைத்ததும் சரிந்தது. நான் கத்தினேனா இல்லையா என்று தெரியாது. வயிற்றைப் பனி உரச, கீழே கீழே போனது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

மாமா பாய்ந்து வந்து குப்புற விழுந்தார். யோசிக்க நேரம் இல்லாததால்தான் வலது கையை நீட்டியிருப்பார். நான் அந்தக் கையுறையை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டேன். ஒரு மூச்சு நேரம் அப்படியே தொங்கினேன். அப்புறம் கையுறை மெல்லக் கழன்று என் கையோடு வந்தது. நல்லவேளையாக அதற்குள் மாமாவின் இடது கை என் சடையைப் பிடித்துவிட்டது. சடையோடு என்னை இழுத்து மேலே போட்டார்.

நான் கையுறையை விடவே இல்லை. அதைப் பார்த்தேன். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் காற்றுப் போய்த் தொங்கின. மற்ற மூன்று விரலும் அப்படியே நிமிர்ந்து, கெட்டியாக நின்றன.

“அப்பா! மாமா விரல் கழண்டு வந்துட்டு! அப்பா, மாமா விரல்!” என்று நான் போட்ட கூச்சல் எதிர்மலையில் மோதித் திரும்பி வந்தது. விரல் கழன்றதை அந்த மலையும் ஒருமுறை சொல்லிற்று.

பாய்தான் என் கையிலிருந்து அதை மெதுவாக வாங்கினார். நிமிர்ந்து நின்ற ஒரு விரலை அமுக்கிப் பார்த்தார். உள்ளே கம்பளி நூலை இறுக்கித் திணித்திருந்தது.

“மூணு வருஷமாச்சு” என்றார் மாமா. “ராவும் பகலும் பனியை வெட்டிக்கிட்டே இருந்தோம். முதல்ல வலிச்சுது. அப்புறம் வலிக்கலை. வலிக்கலைன்னு சந்தோசப்பட்டேன், அதான் தப்பு. கறுத்துப் போயி, ஆஸ்பத்திரில எடுத்துட்டாங்க.”

“முழுப் பூசணிக்காயைச் சோத்துல…” என்று ஆரம்பித்த குமாஸ்தா அண்ணாச்சி முடிக்கவில்லை. பழமொழி பாதியில் நின்று நான் கண்டது அன்றைக்கு மட்டும்தான். அவர் திரும்பிக்கொண்டு மூக்கைச் சிந்தினார்.

அப்பா என்ன செய்தார் என்றால், அதை எங்கள் ஊர்க்காரர்கள்தான் செய்வார்கள். மடியை அவிழ்த்து, கோயில் புற்றுமண் பொட்டலத்தை எடுத்தார். எங்கள் ஊரில் சிரங்கானாலும் சரி, தேள் கொட்டினாலும் சரி, முதலில் புற்றுமண், அப்புறம்தான் டாக்டர். அப்பா ஒரு சிட்டிகை பனியை உள்ளங்கையில் உருக்கி, மண்ணைக் குழைத்து, மாமாவின் கையைத் தன் மடியில் வைத்து, மொட்டையாக நின்ற அந்த மூன்று இடத்திலும் தடவினார். தடவிக்கொண்டே இருந்தார்.

“இனிமே முளைக்கவா போகுது, அத்தான்?” என்றார் மாமா. சிரிக்கப் பார்த்தார். “இதைச் சொல்லுங்க. தாலியை எந்தக் கையால முடியச் சொல்லுதிய? மூணு முடிச்சு. சபையில அத்தனை பேரும் பார்த்துட்டு இருக்கையில, நான் முடியத் தெரியாம தடவிட்டு நிக்கணும், அவ குனிஞ்சு உட்கார்ந்திருக்கணும். அதுக்கா இத்தனை வருசம் இருந்தா?”

“வே, முடிச்சு விழலைன்னா பின்னால நிக்குத பொம்பளைய முடிஞ்சிட்டுப் போறாவ” என்றார் பாய். “நாத்தனார் முடிச்சு உங்கள்ல உண்டுல்லா? நான் எத்தனை கல்யாணத்துல சாப்பிட்டிருக்கேன்! நீரு மூடி மறைச்சு, அந்தப் பொண்ணு உம்மைத் துரைன்னு நெனைச்சுட்டு இன்னொருத்தன் வீட்டுக்குப் போகணுமாக்கும்? அது பெரிய பாவம்வே.”

“நான் போயிப் பக்குவமாச் சொல்லுதேன் அவகிட்ட” என்றார் அப்பா.

“நீங்க சொல்லக் கூடாது அத்தான். அக்காவும் சொல்லக் கூடாது. நீங்கள்லாம் சொன்னா, பாவம்னு சரின்னுருவா. அவளாப் பார்க்கணும். பார்த்துட்டு, ‘வா’ன்னு சொன்னா, வாரேன்.”

இதைச் சொன்ன பிறகு மாமா ஒரு வேலை செய்தார். “உங்க தலைத்துண்டைக் கொடுங்க, அவகிட்டக் காட்ட” என்றார். அப்பா காதுக்குக் குளிர் படாமல் கட்டியிருந்த துண்டு. பாய் தன் தறியில் நெய்து, காசிக்குப் போகிறவர் என்று அப்பாவுக்குக் கொடுத்த வெள்ளை வெளேரென்ற புதுத் துண்டு. மாமா அதைப் பாறைமேல் விரித்தார். மிச்சம் இருந்த மண்ணையும் குழைத்து வலது கை முழுக்கப் பூசினார். பூசின கையைத் துண்டின் நடுவில் வைத்து, இடது கையால் அதன்மேல் அழுத்தினார்.

எனக்குப் பதறிவிட்டது. புதுத் துண்டில் இப்படியா சேற்றைத் துடைப்பார்கள்? “அம்மா வைவா மாமா! ஐயோ, கறை போகாது!” என்று கத்தினேன். யாரும் என்னை அடக்கவில்லை. அப்பா துண்டின் ஒரு ஓரத்தையும் பாய் மறு ஓரத்தையும் காற்றில் பறக்காமல் பிடித்துக்கொண்டு நின்றார்கள். இத்தனை பெரிய மனுஷர்கள் ஒரு அழுக்குத் துண்டை இப்படி பயபக்தியாகப் பிடிப்பானேன், அதை அத்தையிடம் வேறு காட்ட வேண்டுமாம், அவள் துவைக்கிற அலுப்பில் வையத்தான் போகிறாள் என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

மாமா கையை எடுத்துவிட்டுக் குனிந்து பார்த்தார். சுண்டுவிரல் இருக்க வேண்டிய இடத்தில் மண் கொஞ்சம் இழுபட்டு, விரல் இருப்பதுபோல ஒரு கோடு விழுந்திருந்தது. அவர் சுத்தமான பனியாகப் பார்த்து ஒரு பிடி அள்ளினார். அந்தக் கோட்டை மட்டும், பக்கத்தில் பட்டுவிடாமல், தேய்த்துத் தேய்த்து வெள்ளையாக்கினார்.

அம்மாவுக்குப் பயந்துதான் கழுவுகிறார் என்று நினைத்து, நான் நிம்மதியாக மூச்சு விட்டேன்.