பெட்டியில்லா ஐவிந்த்

மாலைக் கறவை பாதியில் இருந்தபோது செய்தி வந்தது. பக்கத்து வீட்டு அஸ்கெர்த் தொழுவத்து வாசலில் வந்து நின்றாள். மீன்பிடிக்கப் போன படகு திரும்பிவிட்டது என்றாள். பிறகு, "ஐவிந்தண்ணன் துடுப்பப் பிடிச்சபடியே சாஞ்சுட்டாருடி எத்னா. கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பாத்தாங்க, எந்திரிக்கல" என்றாள். மீதி மாடுகளை அவளே கறந்தாள்.

மாண்ட வீரர்களுக்குக் கட்டுவதுபோல் அவர்மீது யாரும் பாட்டுக் கட்டப் போவதில்லை. வாழ்நாளெல்லாம் துடுப்புப் போட்டவர், எந்தச் சண்டையிலும் பெயர் வாங்காதவர். எனக்கு எழுதத் தெரியும்; அதனால் நான் எழுதிவைக்கிறேன். அயர்லாந்துக் கரையில் எங்கள் மடத்தில் கற்றது. கடல் கடந்து கொள்ளையடிக்க வந்து அந்த மடத்தை எரித்தவர்களில் ஐவிந்தும் ஒருவர். அதை மறைத்து எழுதினால் அவரே சிரிப்பார்.

என்னைப் பிடித்துக் கப்பலில் ஏற்றியபோது எனக்குப் பதினான்கு வயது. மூன்றாம் நாள் புயல் வந்தது. இறைக்க இறைக்கத் தண்ணீர் ஏறியது. தலைவர் பிரூசி தானிய மூட்டைகளைக் கடலில் தள்ளச் சொன்னார். பிறகு எங்கள் மடத்து மணியையும் தள்ளினார்கள். அப்போதும் கப்பல் தாழ்ந்துகொண்டே போனது. துடுப்புக்காரர்கள் அவரவர் பெட்டிமேல் உட்கார்ந்துதான் துடுப்புப் போடுவார்கள். ஒருவனுடைய உடைமையெல்லாம் அந்தப் பெட்டிக்குள். உடையவன் வாய் திறந்து சொல்லாமல் தலைவன்கூட அதைத் தொடக் கூடாது.

அவர்கள் பேச்சு அப்போது எனக்குப் புரியாது. அடுத்த துடுப்பில் இருந்த அஸ்கெர்த்தின் கணவர் பின்னாளில் சொன்னது இது.

"இன்னும் ஓராள் எடை கொறையணும்," என்று பிரூசி கத்தினாராம். "பெட்டி உங்களோடது, நான் கேக்க மாட்டேன். அந்தப் பொண்ணத் தூக்குங்கடா."

ஒருவன் என் தோளைப் பிடித்தான். அது எனக்கும் நினைவிருக்கிறது.

"விடுடா அவள," என்று ஐவிந்த் எழுந்தார். "என் பெட்டி இவள விடக் கனம்."

"கிறுக்கா உனக்கு? எதுமேல உக்காருவ?"

"முட்டி ரெண்டு இருக்குல்லண்ணே, அது போதும்."

பெட்டியை அவரே உருட்டிக் கடலில் தள்ளினார். நான்கு நாள் மண்டியிட்டுத் துடுப்புப் போட்டு ஊர் சேர்ந்தார். அந்த முட்டிகள் அதன்பிறகு சரியாக நிமிரவே இல்லை. ஊர் அவருக்குப் பெட்டியில்லா ஐவிந்த் என்று பெயர் வைத்தது.

"ஏ பெட்டியில்லா, வா, என் மடியில உக்காரு!" என்பார்கள்.

"உன் தொப்பைக்கே அங்க எடம் பத்தலையே" என்பார்.

பெட்டிக்குள் என்ன இருந்தது என்று பலமுறை கேட்டிருக்கிறேன். ஒருநாள் "கிழிஞ்ச காலுறை" என்பார். மறுநாள் "ஊசிப்போன வெண்ணெய்." ஒருமுறை, "என் மாமியாரு. நல்லவேளை நீ வந்த!"

உண்மையைச் சொன்னவள் அஸ்கெர்த்தான். இழைப்புளி, உளி, துளைப்பான், சின்னக் கோடரி என்று ஒவ்வொன்றாக ஒன்பது ஆண்டு சேர்த்த தச்சுச் சாமான்கள். அடுத்த கோடையில் துடுப்பை விட்டுவிட்டுப் படகு கட்டும் துறையில் தச்சராக உட்கார இருந்தவர். அதன்பிறகு இன்றுவரை அவர் துடுப்பை விடவில்லை.

என்னிடம் அவர் எதையும் கேட்டதில்லை. ஏழாண்டு அடிமையாக வைத்திருந்துவிட்டுப் பிரூசி என்னை விடுவித்த அன்று, வெண்ணெய் தடவிய ரொட்டியோடு வந்தார். "இனிமே ஒன்ன எவனும் தூக்க முடியாது. கனமாத் தின்னு" என்றார். அதற்குப் பின் கண்ட ஒவ்வொரு விடியலும் அவர் தந்தது. அதை அவரிடம் ஒருமுறையாவது நேராகச் சொன்னேன் என்பதுதான் எனக்கு ஆறுதல். "சரி சரி, மாடு கத்துது பாரு" என்றார்.

இந்தக் குளிர்காலம் முடிந்ததும் டப்ளினுக்குப் போகும் வணிகக் கப்பலில் எனக்கு இடம் கிடைத்திருக்கிறது. அம்மா இன்னும் உயிரோடு இருக்கிறாளாம். செய்தி கேட்டதும் ஐவிந்த் பைன் பலகை தேடிப் புறப்பட்டார்.

"பெட்டி இல்லாமக் கப்பல் ஏறினா என் கதிதான் ஒனக்கும்."

இரவல் சாமான்கள்; சாயங்காலமானால் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அதனால் வேலை மெல்லத்தான் நடந்தது.

பெட்டி அவர் படுக்கையருகே இருக்கிறது. இடப்பக்கக் கீல் பொருத்தியாயிற்று. வலப்பக்கக் கீலுக்கு வேண்டிய மூன்று துளைகளில் இரண்டு போட்டிருக்கிறது.