ஸ்பீக்கர் மாட்டிய ஒற்றைக்கல் சுவர்

எந்த வீட்டிலாவது ஓடிக்கொண்டிருக்கும் பாட்டு பட்டென்று நின்றால், என் கண் தானாகச் சுவருக்குப் போகும். தட்டுச் சத்தம் வருகிறதா என்று காது தேடும். தொண்ணூறுகளில், திருநெல்வேலி டவுனில் எங்கள் வீட்டுப் பட்டாசலில் ஸ்பீக்கர் மாட்டியதிலிருந்து என்னைப் பிடித்துக்கொண்ட பேய் இது.

பட்டாசல் என்றால் கூடம். ஒரு காலத்தில் அது இரண்டு மடங்கு நீளம். அப்பாவும் பெரியப்பாவும் பாகம் பிரித்தபோது நடுவில் சுவர் எழுப்பினார்கள். ஒரே செங்கல் கனத்தில் வெறும் ஒற்றைக்கல் சுவர். இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கத்திலிருந்து நூறாயுசு சொல்லலாம். சொல்லத்தான் ஆளில்லை. சுவர் தன் பக்கம் இரண்டு விரற்கடை தள்ளி நிற்கிறது என்பது அப்பாவின் கட்சி. அந்த இரண்டு விரற்கடைக்காக அண்ணன் தம்பி பேச்சு நின்றுபோனது. கோயிலில் எதிரெதிரே வந்தால் ஆளுக்கொரு தூணைப் பார்ப்பார்கள்.

நான் பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கேசட் டெக்கும் ஆம்ப்ளிஃபயரும் இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகளும் வாங்கினேன். அப்பாவுக்கு நாகஸ்வரம் என்றால் உயிர். பெரியப்பாவுக்கும்தான். சின்ன வயதில் சாமி புறப்பாட்டின்போது இரண்டு பேரும் மேளத்துக்குப் பின்னாலேயே ரதவீதி சுற்றுவார்களாம். இது அம்மா சொல்லித்தான் தெரியும்.

பெட்டிகளைத் தரையில் வைத்தால் சத்தம் காலடியிலேயே கிடக்கும், சுவரில் ஏற்றிவிடலாம் என்றார் முக்கூடலிலிருந்து வந்த மெக்கானிக். மற்ற சுவர்களையெல்லாம் ஜன்னலும் அலமாரியும் சாமி படங்களும் பிடித்துக்கொண்டிருந்தன. மிச்சம் பாகச் சுவர்தான்.

“அதுலயே மாட்டுங்க அண்ணாச்சி. நம்ம சொவருதான,” என்றார் அப்பா.

அதுவும் மற்ற சுவர்களைப் போலக் கனமானது என்று நினைத்து, மெக்கானிக் டிரில் மெஷினில் நீளமான பிட்டைப் போட்டு அழுத்தினார். மெஷின் சட்டென்று முன்னால் பாய்ந்தது. இழுத்தால், துளை வழியாகப் பெரியப்பா வீட்டு வெளிச்சம். “ஏ, அந்தப் பக்கம் பொத்துக்கிட்டுல்லா போயிட்டு!” என்று அவர் பதறினார். அப்பா சோப்புத் துண்டைக் கொண்டுவந்து துளையில் அழுத்தி அடைத்தார். தாங்கும் இரும்பு ஆங்கிளைச் சற்றுத் தள்ளித் திருகி, பெட்டிகளை ஏற்றி, சோதனைக்கு ஒரு கேசட்டைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டுப் பார்த்துவிட்டு மெக்கானிக் கிளம்பினார்.

பெரியப்பா அப்போது வாதம் வந்து படுக்கையில் இருந்தார். வலது கையும் காலும் விளங்கவில்லை, பேச்சும் போய்விட்டது என்று கேள்வி. அப்பா போய்ப் பார்க்கவில்லை. மனசு கிடந்து அடித்துக்கொண்டது எங்களுக்குத் தெரியும். செருப்பை மாட்டிக்கொண்டு தெருவாசல்வரை போவார், திரும்பி வந்துவிடுவார்.

ஸ்பீக்கர் மாட்டிய அன்று சாயங்காலம் விளக்கேற்றியதும் அப்பா நாகஸ்வரத் தோடியைப் போட்டு, கண்ணை மூடித் தொடையில் தாளம் தட்டினார்.

“கொஞ்சம் குறைங்க. அங்கன சீக்காளி கெடக்காவ,” என்றாள் அம்மா.

குறைத்தார். சுவரில் டொக், டொக் என்று கேட்டது. அப்பாவின் முகம் சுண்டிவிட்டது. பாட்டை நிறுத்தினார். தட்டு இன்னும் வேகமாக விழுந்தது.

“அதான் நிப்பாட்டியாச்சுல்லா! இன்னும் என்ன வீம்பு?” என்று சுவரைப் பார்த்துக் கத்தினார்.

ஆனால் மறுநாள் அவர் கேசட்டைத் தொடவில்லை. “முடியாத மனுசனுக்குச் சத்தம் ஆவாது,” என்றார். அதன்பின் போடவே இல்லை. கோபத்தில் அல்ல, பாசத்தில்தான். என்னை இன்றும் அரிப்பது அதுதான்.

பாட்டே இல்லாத வீட்டில், விளக்கு வைக்கும் நேரத்தில் தட்டு மட்டும் வந்துகொண்டிருந்தது. அம்மா திரியைத் தூண்டிய விரலோடு அப்படியே நிற்பாள். “நாமதான் ஒண்ணும் போடலியே. பொறவு எதுக்குத் தட்டுதாவ?” அப்பா சுவரில் தொங்கும் பெட்டிகளையே பார்த்துக்கொண்டிருப்பார். எனக்குப் பட்டாசலில் தனியே உட்காரப் பயமாக இருந்தது. போகப் போகத் தட்டு மெலிந்தது, நகத்தால் சுரண்டுவதுபோல ஆனது, ஒருநாள் வரவில்லை. மறுநாள் விடியும்போது பெரியப்பாவின் மனைவி பெரியம்மையின் அழுகை அதே சுவர் வழியாக வந்தது.

சுவர் எழும்பிய பிறகு அன்றுதான் அந்தப் பக்கம் போனோம். பெரியப்பாவின் கட்டில் பாகச் சுவரோடு ஒட்டிக் கிடந்தது. அதற்கு மேலே அந்தத் துளை. நாங்கள் அடைத்துவிட்டோம், அவர்கள் அடைக்கவில்லை.

“பாட்டுச் சத்தம் கேட்ட அன்னைக்கே கட்டில இங்கன இழுத்துப் போடச் சொல்லிக் கையக் காட்டினாவ, தம்பி,” என்றாள் பெரியம்மை, அப்பாவிடம். “நீங்க குறைச்சதுமே தட்டினாவ. நிப்பாட்டின பொறவும் தெனமும் பாட்டப் போடு, போடுன்னு தட்டுவாவ. நான் போயிச் சொல்லுதேன்னேன். வேண்டாம்னு தலைய ஆட்டிட்டாவ. கூடப் பொறந்தவனுக்கு வெளங்காமலா போவும்னு நெனச்சிருப்பாவ.”

அப்பா கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

பதினாறாம் நாள் விசேஷம் முடியும்வரை வீட்டில் மேளச் சத்தம் கூடாது. முடிந்த அன்று சாயங்காலம் அப்பா முக்காலி போட்டு ஏறி, துளையிலிருந்த சோப்பைத் தீக்குச்சியால் கொஞ்சம் கொஞ்சமாகக் குத்தி எடுத்தார். இறங்கித் தோடியைப் போட்டார், முழுச் சத்தத்தில். நடுவிலேயே நிறுத்தினார்.

காத்திருந்தோம். அந்தப் பக்கம் பெரியம்மை பாத்திரம் கழுவும் சத்தம் மட்டும் கேட்டது.

அப்பா மறுபடி முக்காலியில் ஏறித் துளையில் வாயை வைத்து, “போடட்டா, அண்ணே?” என்று கேட்டார். அண்ணே என்று அவர் கூப்பிட்டு நான் கேட்டது அன்றுதான் முதல் தடவை.