அப்பா கரையேறிய அத்தியாயம்

சிறுவர் சாகசத் தொடர் எழுதுகிறவர்களுக்கு முதல் வேலையே, கதையில் வரும் அப்பாவை ஊரைவிட்டு அனுப்புவதுதான். எழுதிப் பார்த்தவர்களுக்கு இந்தப் பாடு தெரியும்.

வாசல் தாண்டாத பிள்ளைகள்

எண்பதுகளில் பாப்பாரப்பட்டியில் இருந்தபடி சேலத்துச் சிறுவர் இதழ் ஒன்றுக்கு எழுதிக்கொண்டிருந்தேன். முதல் தொடரில் அண்ணனும் தங்கையும் கடலோரக் குகைக்குக் கிளம்பும்போதெல்லாம் அப்பா குறுக்கே வந்தார். சாப்பிட்டாயா, டார்ச்சை ஏன் எடுத்தாய் என்றார். மூன்று அத்தியாயம் முடிந்தும் பிள்ளைகள் வாசல் தாண்டவில்லை. ஆசிரியர் தாள்களைத் திருப்பிக் கொடுத்தார். "அந்த அப்பாவ முதல்ல கப்பல் ஏத்துங்கம்மா. அவரு வூட்ல இருக்கற வரைக்கும் யாருக்கும் புதையல் கிடைக்காது."

மொரப்பூர் பிளாட்பாரத்தில்

அப்பாவைக் கப்பல் ஏற்றிவிட்டேன். தொடர் பிய்த்துக்கொண்டு போனது! ஒருநாள் மொரப்பூரில் ரயிலுக்குக் காத்திருந்தபோது, சரக்கு ஏற்ற வந்திருந்த எங்கள் ஊர் லாரி டிரைவர் ஜோசப் ஓடிவந்து கும்பிட்டார். அவர் மகள் ஸ்டெல்லா, ஐந்தாம் வகுப்பு, ஒரு வாரம்கூட என் தொடரை விடுவதில்லையாம். "இருபது நாள் கழிச்சு நேத்துதான் வூட்டுக்கு வந்தேனுங்க. 'அப்பா, மறுபடி எப்பக் கெளம்புவீங்க? நான் கரட்டு மலை ஏறணும்'ங்கறாளுங்க!"

உறைக்குள் புயல்

கடைசி அத்தியாயத்தில் கப்பல் மூழ்குகிறது, அப்பா திரும்புவதில்லை. அழுதுகொண்டே எழுதி, உறையை ஒட்டி, தபால் ஆபீசுக்குப் போனேன். வாசலில் ஸ்டெல்லாவும் அவள் அம்மாவும். ஜோசப் அசாமுக்குப் போய் ஒரு மாதமாகத் தகவலே இல்லை, தந்தி ஏதும் வந்ததா என்று கேட்க வந்திருந்தார்கள். ஸ்டெல்லா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, கதையில அந்த அப்பா வந்துடுவாரில்ல?"

உறையைக் கிழித்தேன். தபால் பை கட்ட அரைமணி நேரம்தான் இருந்தது. அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து, ஒரு மரப்பலகையைக் கொடுத்து அந்த மனிதரைப் பக்கம் பக்கமாக நீந்தவிட்டேன். ஸ்டெல்லா என் தோளுக்கு மேல் எட்டிப் படித்தாள். சணல் கயிற்றோடு நின்ற கிளார்க்கும் எட்டிப் பார்த்தார். "சீக்கிரம் அந்தாளக் கரையேத்துங்க மேடம், பை கட்டணும்!"

லாரிக்காரர் வீட்டில்

அந்த இதழ் வந்த வாரமே ஜோசப்பும் வந்துவிட்டார். வெள்ளத்தில் பாலம் போய், லாரி அந்தக் கரையிலேயே மாட்டிக்கொண்டிருந்ததாம். வீடு முழுக்க ஒரே கூச்சல். ஸ்டெல்லா அவர் சட்டையை விடவேயில்லை. "அப்பாதான் வந்துட்டாரே, இனிப் பிள்ளைங்க எப்படிக் குகைக்குப் போவாங்க?" என்று சீண்டினேன். அவள் யோசிக்கவேயில்லை. "அப்பாவையும் கூட்டிட்டுப் போங்கக்கா!"

கூட்டிப்போனேன், அடுத்த தொடர் முழுக்க அந்த மனிதர் குகை நடுவில் நின்றுகொண்டு "பாத்து, பாத்து" என்பதைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை.