ஈர மணல் பானை

நானும் அம்மாவும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை மணல் சலித்தது. போன வியாழக்கிழமை, மலேசியாவில் எங்கள் ஈப்போ வீட்டின் பின்புறக் குழாயடியில். பெரிய பானைக்குள் ஈர மணல், மணலுக்குள் சின்னச் சட்டி, சட்டிக்குள் இன்சுலின் குப்பிக்கு இடம். ஃப்ரிட்ஜ் இல்லாத தோட்டத்து வீடுகளுக்கு அம்மா செய்து கொடுக்கும் ஏற்பாடு. நான் சட்டிக்குள் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஐயா மெக்கானிக்கு, அதையே முறைச்சுக்கிட்டிருந்தா மணல் சலிஞ்சிருமா?"

"வெளியைவிட ஆறு டிகிரி கம்மிம்மா."

"போதும்லா. சல்லடையை ஆட்டு."

அம்மா நவமணி, கோலா கங்சார் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்களின் மகள். குழந்தைகள் வார்டில் உதவி நர்ஸ். பிள்ளைக்குச் சர்க்கரை நோய் என்று கேட்டு உடைந்துபோகும் பெற்றோரை டாக்டர் அவரிடம் அனுப்புவார். நர்ஸை அவர்கள் மிஸ்ஸி என்பார்கள்.

"இனிப்பைக் குடுத்து நாங்கதான் கெடுத்துட்டோமா மிஸ்ஸி?"

"மிட்டாய் தின்ன பிள்ளைக்கெல்லாம் இது வந்தா இந்த வார்டு பத்தாதும்மா. அழுதுட்டு வாங்க, ஊசி பழகலாம்."

ஊசி குத்தத் தயங்கும் அப்பாக்களுக்குத் தன் கையையே நீட்டுவார். உப்புத் தண்ணீர் ஏற்றிய ஊசியால் அவர்கள் குத்திப் பழகுவார்கள்.

1972இல் சின்னையா என்ற தோட்டத் தொழிலாளிக்கும் அப்படித்தான் பழக்கினார். மகன் சதாசிவத்துக்கு ஆறு வயது. "மருந்தைக் குளிர்ச்சியா வைங்கண்ணே" என்று அம்மா சொல்லி அனுப்பினார். சின்னையா வீட்டில் ஃப்ரிட்ஜ் இல்லை. தோட்டத்துக் கடையில் ஐஸ் பெட்டி இருந்தது. கடைக்காரர் நல்ல மனிதர், இடம் கொடுத்தார். மருந்து உறைந்தது. சின்னையா தினமும் அதை உருக்கி, அளவு தவறாமல் போட்டார். உறைந்து உருகிய இன்சுலின் பார்வைக்கு நன்றாகவே இருக்கும். வேலை செய்யாது. சதாசிவத்தை வார்டுக்குத் தூக்கி வந்தபோது மூச்சு மட்டும் இருந்தது. மறுநாள் அதுவும் நின்றது.

"நீங்க சொன்ன மாதிரியேதான் ஐஸ்ல வெச்சேன் மிஸ்ஸி" என்றாராம் சின்னையா. குரலில் கோபமே இல்லையாம்.

அதன் பிறகு அம்மா ஐஸ் போட்ட எதையும் குடித்ததில்லை. மத்தியானம் கண்ணயர்ந்தால்கூட, "ஐஸ்ல இல்லண்ணே" என்று முனகுவார். நான் ஃப்ரிட்ஜ் பழுதுபார்க்கிறேன். என் கடைக்குள் அவர் கால் வைத்ததே இல்லை.

வியாழக்கிழமை செய்த பானை பாப்பா என்ற சிறுமிக்கு. எட்டு வயது, புதிதாக நோய் கண்டவள். அன்று அவள் அம்மா செல்லாயி வார்டிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார்.

"கடைக்காரர் சும்மாவே ஐஸ் பெட்டியில வெச்சுத் தரேங்கிறாருன்னு வை. குடுப்பியா?" அம்மா கேட்டார்.

"மாட்டேன் மிஸ்ஸி."

"ரொம்ப நல்லவராச்சே?"

"சாமியே வந்து கேட்டாலும் மாட்டேன்லா!"

அம்மா சிரித்தார். ஆனால் பானையைக் கொடுத்தனுப்பவில்லை. "அடுப்புப் பக்கம் வெச்சிருவாங்க. ஞாயித்துக்கிழமை நானே பஸ்ல கொண்டு போய் வெச்சிட்டு வாரேன். கண்ணால பாக்கணும்."

சனிக்கிழமை காலை, யூனிஃபார்மில், நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டார். மாரடைப்பு.

நேற்று அடக்கம். நேற்றுத்தான் பாப்பாவும் வார்டிலிருந்து வீட்டுக்குப் போனாள். பானை இன்னும் குழாயடியில் இருக்கிறது. மணல் காய்ந்திருந்தது, நனைத்தேன். செல்லாயி எல்லாவற்றுக்கும் சரியாகத்தான் பதில் சொன்னார். சின்னையாவும் அன்று சரியாகத்தான் தலையாட்டியிருப்பார். குப்பி எந்த இடத்தில் இருக்கிறது என்பதை மட்டும் அன்றும் யாரும் போய்ப் பார்க்கவில்லை, இன்னும் பார்க்கவில்லை.