ஆற்று ஐஸில் கிடந்த போன்

கனடாவின் மொன்றியலில் சைக்கிள் ஓடுகிறவனுக்கு மார்ச் மாதம்தான் கெட்ட மாதம். நவம்பரில் சைக்கிளைக் கழுவித் துடைத்து, செயினுக்கு எண்ணெய் விட்டு, பேஸ்மென்றில் சுவரோடு சாத்தி வைத்துவிட்டால் பிறகு அதன் நினைப்பே வராது. ஜனவரியில் வாசலில் இறங்கவே மனம் வராது, சைக்கிளுக்கு எங்கே ஆசைப்படுவது? ஆனால் மார்ச்சில் ஒரு நாள் கூரை விளிம்பிலிருந்து தண்ணீர் சொட்டத் தொடங்கும். அடுத்த நாள் பழையபடி பனி கொட்டும். காலையில் கண் விழித்ததும் வெளியில் எத்தனை பாகை என்று போனில் பார்ப்பது எனக்கு அந்த நாட்களில் ஒரு நோய் போலவே ஆகிவிட்டிருந்தது.

நான் பந்தயக்காரன் அல்ல. புவாண்ட்-கிளேரில் ஒரு சாமான் கிடங்கின் அலுவலகத்தில் நாள் முழுவதும் கதிரையில் இருக்கிறவன். சனி, ஞாயிறுகளில் ரொக்ஸ்பரோ வீட்டிலிருந்து ஆற்றோரமாகக் கொஞ்சத் தூரம் ஓடி, எங்காவது ஒரு கோப்பி குடித்துவிட்டுத் திரும்புவேன். அவ்வளவுதான். கூட வருவது அதே கிடங்கில் வேலை செய்யும் ஓர் அண்ணை. மன்னார்க்காரர், கத்தோலிக்க வேதக்காரர். உயிர்த்த ஞாயிறு முடியாமல் சைக்கிள் சில்லை றோட்டில் வைக்கவே மாட்டார்.

"பக்தியோ அண்ணை?" என்று ஒருமுறை கேட்டேன்.

"பக்தி பாதி, பயம் பாதி. நிழலுக்குள்ளை கிடக்கிற ஐஸ் கண்ணுக்குத் தெரியாது தம்பி."

அந்த வருடம் உயிர்த்த ஞாயிறு பிந்தித்தான் வந்தது. என்னால் பொறுத்திருக்க முடியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். மனைவியும் மகளும் மரக்கறி வாங்க, தமிழ்க் கடைகள் உள்ள பார்க் எக்ஸ்டென்ஷனுக்குப் போயிருந்தார்கள். வெளியே நல்ல வெயில். எதிர்வீட்டுக்காரர் ஜக்கெற் இல்லாமல் ரீசேட்டோடு நின்று காரைக் கழுவிக்கொண்டிருந்தார். றோட்டு காய்ந்து கிடந்தது. பனி உருகிய இடத்தில் வழுக்காமலிருக்கக் குளிர்காலம் முழுவதும் கொட்டிய மணல் மட்டும்தான் மிச்சம். தெருமுனை மட்டும் போய் வருவோம் என்று சைக்கிளை மேலே தூக்கி வந்தேன். தெருமுனைக்குப் போனதும் ஆறு வரைக்கும் போனால் என்ன என்று தோன்றியது. ஆற்றைக் கண்டதும் கரையோரப் பாதையில் கொஞ்சம் உள்ளே போகலாம் என்றிருந்தது. முகத்தில் காற்றுப் பட்டது. கால்கள் தம்பாட்டில் மிதித்தன. ஐந்து மாதம் அடைபட்டுக் கிடந்த எனக்கு அது போதுமாக இருந்தது.

பாதை ஓரிடத்தில் மரங்களுக்குள் இறங்கி ஆற்றங்கரையோடு ஒட்டி வளையும். அங்கே பாதை ஈரமாக மினுங்கியது. உருகிய தண்ணீர் என்று நினைத்தேன். தண்ணீர்தான், ஆனால் அதற்குக் கீழே ஐஸ் இருந்தது. முன் சில்லு பக்கவாட்டில் ஓடியதைக் கண்டதுதான் தெரியும், மற்றப்படி எதற்கும் நேரமிருக்கவில்லை. வலது கால் சைக்கிளுக்குக் கீழே மடங்கிப்போக, விழுந்தேன். கணுக்காலில் ஒரு சத்தம் கேட்டது. வாழைத்தண்டை முறிப்பது போன்ற ஈரச் சத்தம். நோவு அதற்குப் பிறகுதான் வந்தது.

காலைப் பார்த்தேன். பாதம் பார்க்கக் கூடாத பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது.

போனை எடுக்கலாம் என்று ஹாண்டிலைப் பார்த்தேன். போன் கொளுவும் பிடி வெறுமையாக இருந்தது. விழுந்த வேகத்தில் அது தெறித்து, கரையைத் தாண்டி, உறைந்த ஆற்றின் மேல் வழுக்கிப்போய்க் கிடந்தது. கையெட்டும் தூரமில்லை. ஆனால் கண்ணெட்டும் தூரம்.

சத்தம் போட்டுக் கூப்பிட்டேன். யாருமில்லை. ஒரு மரங்கொத்தி மட்டும் எங்கோ தட்டியது. அப்போதுதான் முழுப்பயம் பிடித்தது. நான் இங்கே வந்தது ஒருவருக்கும் தெரியாது. மனைவி வீட்டுக்கு வந்தாலும் நான் எங்காவது கடைக்குப் போயிருப்பேன் என்றுதான் நினைப்பாள். வெயில் ஆற்றின் மறுகரை மரங்களுக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது. விழுந்த இடத்துத் தண்ணீர் காற்சட்டை முழுவதும் ஊறிவிட்டிருந்தது. வெயில் போன கையோடு இந்த ஊரில் குளிர் எப்படித் திரும்பி வரும் என்று எனக்குத் தெரியும்.

போன் அடித்தது.

ஐஸின் மேல் சின்ன வெளிச்சத்தோடு அது அடித்துக்கொண்டே கிடந்தது. மனைவியாகத்தான் இருக்கும். நான் கரை விளிம்புவரை இழுபட்டுப் போனேன். ஐஸ் சாம்பல் நிறத்தில், நனைந்த துணியைப் போலக் கிடந்தது. வயிற்றில் படுத்து, கைகளை நீட்டி, மெல்ல அதன் மேல் ஏறினேன். பாரத்தைப் பரப்பி வைத்தால் தாங்கும் என்று எப்போதோ கேள்விப்பட்டிருந்தேன். அடியில் ஏதோ முனகியது. அடுத்ததாகக் கையை ஊன்றிய இடம் கீழே போய், முழங்கை வரைக்கும் தண்ணீருக்குள் இறங்கியது. அந்தக் குளிர் குளிராகவே இல்லை, கடித்தது போல இருந்தது. எப்படித் திரும்பினேன் என்று இன்றைக்கும் சொல்லத் தெரியாது. கரையில் கிடந்து இரண்டு கையாலும் புல்லைப் பிடித்தபடி நடுங்கினேன். போன் நின்றது. பிறகு திரும்ப அடிக்கத் தொடங்கியது.

ஏதேதோ பாசைகளில் கத்தினேன். முதலில் "அம்மா". பிறகு இங்கிலீசில். மகள் சின்னப் பிள்ளையாக விளையாடும்போது 'காப்பாத்துங்கோ' என்று கத்துகிற ஒரு பிரெஞ்சு வார்த்தை நினைவுக்கு வர அதையும் கத்தினேன். "ஓ செக்கூர்! ஓ செக்கூர்!" குரல் அடைத்துவிட்டது. பற்கள் ஒன்றோடொன்று அடித்ததில் வார்த்தை உடைந்து உடைந்து வந்தது. கொஞ்ச நேரத்தில் நோவு குறைந்தது போலிருந்தது. அதுதான் எல்லாவற்றையும் விடப் பயமாக இருந்தது. நித்திரை வரப் பார்த்தது. கண்ணை மூடாதே, மூடாதே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஒரு நாய் குரைத்தது. மேல்பாதையிலிருந்து ஒரு பெண் சறுக்கிச் சறுக்கி இறங்கி வந்தா. ஐம்பது வயதிருக்கும். என்னைப் பார்க்காமல் ஆற்றையே பார்த்துக்கொண்டு வந்தவ, நான் முனகியதும் திடுக்கிட்டுத் திரும்பினா.

"புஜே பா, மெஸ்யூ! புஜே பா!" அசையாதேங்கோ என்கிறா.

தன் ஜக்கெற்றைக் கழற்றி என்மேல் போட்டா. கழுத்துச் சால்வையால் என் நனைந்த கையைச் சுற்றினா. தன் போனில் அம்புலன்சைக் கூப்பிட்டுவிட்டு, நாயை இழுத்து என் நெஞ்சோடு படுக்கவைத்தா. அந்த நாயின் சூட்டில்தான் எனக்கு அழுகையே வந்தது. வந்த அம்புலன்ஸ்காரரிடம் அவ சொன்னது என்னுடைய அரைகுறைப் பிரெஞ்சுக்கும் விளங்கியது. நான் கத்தியது எதுவும் அவவுக்குக் கேட்கவில்லை. ஆற்றுக்குள்ளிருந்து ஒரு போன் விடாமல் அடிக்கிற சத்தம்தான் கேட்டிருக்கிறது. ஐஸ் உடைந்து யாரோ உள்ளே போய்விட்டார்கள் என்று பயந்து இறங்கி வந்திருக்கிறா.

ஆசுப்பத்திரியில் மனைவி கட்டிலருகே வந்து நின்றாள். முகம் வெளிறியிருந்தது.

"ஏனப்பா அப்பிடி விடாமல் அடிச்சனீர்?" என்று கேட்டேன்.

"எடுக்கேல்லை எண்ட கோவத்திலைதான். கத்தரிக்காய் நல்லாக் கிடந்தது, வாங்கவோ எண்டு கேக்க." சொல்லி முடிக்காமலே என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு விம்மினாள்.

கணுக்காலுக்குத் தகடு வைத்து ஆணி பூட்டினார்கள். நான் குளிர்காலம் முழுவதும் காத்திருந்த வெயில் அந்த வருடம் தாராளமாக வந்தது. நான் பல்கனியில் காலை நீட்டிக்கொண்டு, போகிற வருகிற சைக்கிள்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பொறாமை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. ஒவ்வொரு சைக்கிளும் வளைவில் திரும்பும்போது பல்கனிக் கம்பியை எட்டிப் பிடித்துக்கொண்டேன்.

கட்டு அவிழ்த்து, நடை சரியான பிறகு அண்ணை ஒருநாள் தன் சைக்கிளோடு வந்தார். "வாரும், சும்மா பார்க் மட்டும்," என்றார். ஓகஸ்ற் மாதம், கொதிக்கிற வெயில். இரண்டு தெரு தாண்டினோம். ஒரு வீட்டுக்காரர் புல்லுக்கு விட்ட தண்ணீர் றோட்டில் பரவி மினுங்கியது. பிரேக்கை இறுக்கிப் பிடித்தேன். இறங்கி, சைக்கிளை உருட்டிக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். அண்ணையும் இறங்கிப் பக்கத்தில் நடந்து வந்தார்.

"எனக்கு இனி ஏலாது அண்ணை."

"இப்ப ஏலாது. பேந்து பாப்பம்."

இந்த மார்ச்சிலும் காலையில் எழும்பிப் பாகையைப் பார்க்கிறேன். ஆனால் மைனஸ் என்று கண்டால் எனக்கு மூச்சு இலகுவாக வருகிறது. அதை வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை. போன கிழமை வெயில் வந்தது. அடுத்த நாளும் வந்தது. மூன்றாம் நாள் மனைவி யன்னலால் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"வெளியில நல்ல வெய்யில். சைக்கிள் எடுக்கேல்லையோ?"

"நிலம் காயட்டும்."

அவள் றோட்டைப் பார்த்தாள். மணல் பறக்கிற அளவுக்குக் காய்ந்து கிடந்தது. என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு போய்ச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வந்தாள்.

"நான் பக்கத்தில நடந்து வாறன். நீங்கள் மெல்ல ஓடுங்கோ."

பேஸ்மென்றிலிருந்து சைக்கிளைத் தூக்கி வரும்போதே முதுகு வியர்த்துவிட்டது. ஏறி இருந்தேன். நடக்கிறவளுக்குச் சமமாகச் சைக்கிளை ஓடுவது லேசான வேலையல்ல. ஹாண்டில் இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் ஆடியது. கண் நிலத்தை விட்டு எடுபடவில்லை. எதிர்வீட்டுக்காரர் கையைக் காட்டினார். திரும்பக் கை காட்டப் பயமாக இருந்தது, தலையை மட்டும் ஆட்டினேன்.

"மூச்சை விடுங்கோவன்," என்றாள் அவள்.

தெருமுனையில் இறங்கி, சைக்கிளைத் திருப்பி, மறுபடி ஏறினேன். வீட்டு வாசலுக்கு வந்தபோது பிரேக்கைப் பிடித்திருந்த விரல்கள் நிமிரவில்லை. அவள் ஒவ்வொன்றாகப் பிடித்து நிமிர்த்திவிட்டாள்.