கப்பல்காரியின் தலைமுடி

எங்கள் வீட்டுக்காரம்மாவை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் மனம் இளகி ஒரு சொட்டுக் கண்ணீர் விடுவேன் என்று எதிர்பார்ப்பவர்கள் இப்போதே வேறு வேலை பார்க்கப் போகலாம்.

நல்லூரில் அவர்களுடைய வீட்டுக்குப் பின்னால் ஐந்து லைன் வீடுகள். கடைசி வீடு எங்களுடையது. சாத்தூர்ப் பக்கத்திலிருந்து எண்பதுகளின் நடுவில் பனியன் கம்பெனிகளை நம்பி வந்த குடும்பம் நாங்கள். அப்பாவுக்குச் சாயப்பட்டறையில் வேலை. அம்மா வீட்டுக்காரர்களின் கம்பெனியிலேயே தைத்த துணியில் நூல் பிசிறு வெட்டினாள். கம்பெனி என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். வீட்டுக்கு முன்னால் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரு கூடம், உள்ளே எட்டு தையல் மிஷின், குறை பார்க்க ஒரு செக்கிங் டேபிள். பெரிய எக்ஸ்போர்ட்காரர்கள் வெட்டி அனுப்பும் துணியைத் தைத்து, செக்கிங் முடித்துத் திருப்பிக் கொடுப்பார்கள். வீட்டுக்காரர் எந்நேரமும் வேனில் சுற்றிக்கொண்டிருப்பார். கம்பெனி, வாடகை, தண்ணீர்க் குழாய், எங்கள் நடமாட்டம் எல்லாம் அந்த அம்மாளின் கையில்.

கலர் டீவியும் அந்த அம்மாளின் கையில்தான் இருந்தது. அதுதான் என் தலைவலி.

நான் எட்டாம் வகுப்பு படித்த வருடம், ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் டில்லியிலிருந்து ஓர் ஆங்கிலத் தொடர் வந்தது. அதன் பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் யாராவது ஒருவர் ‘அதுவா, அது ஒன்றும் அவ்வளவு பிரமாதம் இல்லையே’ என்பார். அவரோடும் எனக்குச் சண்டை வரும். ஒரு விண்கலம், அதை ஓட்டும், கண்ணுக்குக் கீழே தழும்புள்ள ஒரு பெண். அவளுடைய உலகத்தில் வானத்தில் இரண்டு சூரியன். அங்கிருந்து தொலைதூரம் போகிறவர்கள் புறப்படும் அன்று தலையை மழித்துக்கொள்வார்கள். வீடு திரும்பிய பிறகுதான் முடி வளர்க்கலாம். போகும் வழியில் ஒவ்வொரு வாரமும் ஓர் உலகம், ஓர் ஆபத்து. கூட வந்தவர்கள் ஒவ்வொருவராகக் குறைந்துகொண்டே வந்தார்கள். அவள் மட்டும் வாராவாரம் தலையை வழித்துக்கொண்டு, கலத்தைக் கிளப்புவதற்கு முன்னால் உள்ளங்கையை அதன் சுவரில் ஒரு நிமிடம் வைப்பாள். மாட்டைத் தட்டிக் கொடுக்கிற மாதிரி.

என் இங்கிலீஷ் முனிசிபல் பள்ளிக்கூடத்து இங்கிலீஷ். பேசியதில் பாதி புரியவில்லை. புரியாத பாதிதான் எனக்கு அதிகம் பிடித்தது. அதை நானே நிரப்பிக்கொண்டேன். அவளுக்கு நான் வைத்த பெயர் கப்பல்காரி. அவளைப் பார்த்த பிறகு நான் பார்த்த எந்த சினிமாக் கதாநாயகியும் எனக்கு ஒரு பொருட்டாகப் படவில்லை. மரத்தைச் சுற்றி ஓடுகிறவர்களுக்கும் ஒரு கலத்தைத் தனியாக ஓட்டுகிறவளுக்கும் என்ன சம்பந்தம்? திங்கட்கிழமை தொடங்கி சனி வரைக்கும் நான் உயிரோடு இருந்ததே அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்காகத்தான் என்று சொன்னால் அது மிகை இல்லை.

பார்ப்பது எப்படி என்றால், வாசல்படிக்கு உள்ளே ஒரு முழம் தள்ளித் தரையில் உட்கார்ந்து.

“வந்துட்டயா கண்ணு? அங்கயே உக்காந்துக்கோ. செவுத்துல சாயாத, எண்ண ஒட்டிக்கும்.”

கொங்கு நாட்டுப் பேச்சு தேன் மாதிரி என்று வெளியூர்க்காரர்கள் மெச்சுவார்கள். கண்ணு, சாமி என்று கொஞ்சிக்கொண்டே ஒருத்தியை நாய்க்குட்டி மாதிரி தரையில் உட்கார வைக்க முடியும் என்பதை அவர்கள் பார்த்ததில்லை. சோபாவில் அந்த அம்மாளின் மகள் காலை நீட்டிப் படுத்திருப்பாள். என் வயதுதான். திரையில் ஒரு கிரகமே வெடித்துக்கொண்டிருக்கும்போது அவள் நகத்துக்குப் பாலிஷ் போடுவாள். அவளையும் எனக்குப் பிடிக்காது.

அன்றன்றைய பகுதி முடியும்வரை அந்த டீவி ஓடியது மொத்தத்தில் நாலைந்து வாரம் இருக்கும். மற்ற வாரங்களில் கடைசிப் பத்து நிமிடத்தில் அந்த அம்மாள் எழுந்து வந்து அணைத்துவிடுவார். காரணம் வாரத்துக்கு ஒன்று. டீவி சூடாகிவிட்டது. விருந்தாளி வருகிறார்கள். படம் தேய்ந்துபோகும். ஒருமுறை மட்டும் உண்மையைச் சொன்னார்:

“பழனிக்குப் போயிட்டு வந்தவளாட்டத் தலய வழிச்சுட்டு நிக்கறா. காலங்காத்தால இந்த மூஞ்சியப் பாத்தா ஊடு வெளங்குமா?”

அடுத்த வாரம் தொடக்கத்தில் முந்தைய வாரத்தின் முடிவைக் கொஞ்சம் காட்டுவார்கள். அதை வைத்து நான் ஒட்டுப்போட்டுக்கொள்வேன். ஆனால் கடைசி வாரத்துக்கு அடுத்த வாரம் கிடையாது அல்லவா?

அந்தக் கடைசி ஞாயிறு. கலத்தில் அவளைத் தவிர யாரும் இல்லை. காற்று தீர்ந்துகொண்டிருக்கிறது. தூரத்தில் இரண்டு சூரியனும் தெரிகின்றன, பட்டாணி அளவுக்கு. அவள் உள்ளங்கையைச் சுவரில் வைக்கிறாள். அப்போது என் தலைக்கு மேலே ஒரு தூக்குப்போசி நீண்டது.

“கண்ணு, ஓடிப் போயித் தயிர் வாங்கியாந்துரு. ஊட்டுல ஆளு வருது.”

முடியாது என்று சொல்ல நான் யார்? வாடகை வீட்டுப் பெண். ஓடினேன். கடையில் எனக்கு முன்னால் மூன்று பேர். நான் திரும்பி வந்தபோது டீவி கறுப்பாக இருந்தது. மகள் எழுந்து போயிருந்தாள். அந்த அம்மாள் தயிரை முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

“அக்கா, கடைசில என்ன ஆச்சு? வீடு போய்ச் சேர்ந்தாளா?”

“செத்துப்போயிட்டா சாமி” என்றார், தூக்குப்போசியை மூடியபடி. “ஊட்டுக்குப் போ. உங்கம்மா தேடுவா.”

நான் அன்றைக்குச் சாப்பிடவில்லை. அம்மா, “ஏட்டி, டீவில செத்தவளுக்கு எவளாவது பட்டினி கெடப்பாளா?” என்று முதுகில் ஒன்று வைத்தாள். கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் கப்பல்காரிக்கு ஒரு இறுதி ஊர்வலம் எழுதினேன். மழித்த தலையோடு புதைத்தார்கள் என்று எழுதும்போது கை ஓடவில்லை. வீடு வந்து சேராதவள். வானத்தில் இரண்டு சூரியனையும் பார்த்துக்கொண்டே செத்தவள்.

பத்தாவதோடு என்னைப் படிப்பிலிருந்து நிறுத்திச் செக்கிங் டேபிளில் நிற்க வைத்தார்கள். இந்த இடைப்பட்ட வருடங்களில் நான் கையில் கிடைத்த விண்வெளிக் கதைகளையெல்லாம் படித்தேன். வாடகை நூலகத்தில் ராக்கெட் அட்டை போட்ட மாத நாவல் எதையும் விட்டதில்லை. பெரும்பாலும் குப்பை. விஞ்ஞானி என்றால் குறுந்தாடி, அவருக்கு அழகான ஒரே மகள், அவளைக் காதலிக்க ஒரு துப்பறிகிறவன். செவ்வாய்க் கிரகத்துக்குப் போயும் அங்கே காபி போட்டுக் கொடுப்பது அந்த மகள்தான். அந்த எழுத்தாளர்களை வரிசையாக நிற்க வைத்து எட்டு மணி நேரம் செக்கிங் பார்க்கச் சொல்ல வேண்டும் என்று தோன்றும். ஆனாலும் நூறு பக்கக் குப்பையில் எங்கேயோ ஒரு பக்கம் வரும். ஆளில்லாத கலம் ஒன்று, யாரும் கேட்காத தகவலை அனுப்பிக்கொண்டே போகும். அந்த ஒரு பக்கத்துக்காக அடுத்த மாதமும் போய் நிற்பேன். எந்தக் கதையிலும் யாராவது வீடு திரும்பினால் எனக்குக் கப்பல்காரி ஞாபகம் வந்து எரிச்சலாகும். இவனெல்லாம் திரும்பி வருகிறான், அவள் வரவில்லையே என்று.

இப்படி ஏழு வருடம். எனக்கு இருபது நடந்துகொண்டிருந்தது.

ஒரு காலை வேனில் புதுத் துணி வந்து இறங்கியது. வெள்ளை டீ-சர்ட்டுக்கான துணி, நெஞ்சில் ஏற்கெனவே படம் அச்சடித்து வந்திருந்தது. கட்டைப் பிரித்து முதல் துணியை டேபிளில் விரித்தேன். விரித்த கை அப்படியே நின்றுவிட்டது.

அவள்தான். கண்ணுக்குக் கீழே அதே தழும்பு. பின்னால் இரண்டு சூரியன், பட்டாணி அளவில் இல்லை, தட்டு அளவில். ஒரு மண்வீட்டின் சுவரில் உள்ளங்கையை வைத்து நிற்கிறாள். தலைமுடி தோளுக்குக் கீழே தொங்குகிறது.

தோளுக்குக் கீழே! அவ்வளவு நீளம் வளர எத்தனை வருடம் ஆகும் என்று நான் விரலை விட்டு எண்ணினேன். வந்துவிட்டாள். வந்து, மழிப்பதை நிறுத்தி, வீட்டில் பல வருடம் இருந்திருக்கிறாள். நான் நோட்டில் புதைத்தவள் இருந்திருக்கிறாள். எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு அழுகை வந்தது, அதற்கும் பிறகு வந்த கோபம்தான் நிலைத்தது.

அந்த அம்மாள் டேபிளின் தலைமாட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். படத்தை அவர் முகத்துக்கு நேரே பிடித்தேன்.

“அக்கா, இவ செத்துப்போயிட்டான்னு சொன்னீங்களே?”

“எவ சாமி?”

“டீவில வந்தவ. மொட்டைத்தல. நீங்க என்னையத் தயிருக்கு அனுப்புனீங்க.”

அவர் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு மனம்விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் கபடம் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

“அட, இதயெல்லாமா நாவகம் வெச்சிருப்ப? நீ அக்கட்டால போனதுமே நாந்தான் நிறுத்திப்போட்டனே. நா எங்க பாத்தேன் கண்ணு?”

“பின்ன ஏன் அப்படிச் சொன்னீங்க?”

“செத்துட்டான்னா கத முடிஞ்சுது. பொழச்சுட்டான்னு சொன்னா, அப்புறம் என்னாச்சு, எப்பிடி வந்தான்னு நீ தொண தொணன்னு கேப்ப. அதுக்கு நா எங்க போறது?”

அவ்வளவுதான். ஏழு வருடத் துக்கத்துக்கு அவர் செலவழித்தது தூக்குப்போசியை மூடும் நேரம். சுற்றி இருந்த பெண்களும் சிரித்தார்கள். என் அம்மாவும் சிரித்தாள். நான் துணியை மடித்து வைத்துவிட்டு வேலையைப் பார்த்தேன். வேறு என்ன செய்ய?

அந்த ஆர்டருக்கு ஒரு தனி நிபந்தனை இருந்தது. படம் வெளிநாட்டுக் கம்பெனிக்குச் சொந்தமாம். நல்ல பீஸ் எல்லாம் பெட்டிக்குப் போய்விடும். கறை பட்டது, அளவு தப்பியது, ஓட்டை விழுந்தது என்று ஒதுக்கும் பீஸ் ஒன்றுகூட மலிவாக விற்கும் ரிஜெக்ட் கடைகளுக்குப் போகக் கூடாது. படத்தின் குறுக்கே கத்தரியால் ஒரு வெட்டுப் போட்டுத் திருப்பித் தர வேண்டும். அந்த வேலை எனக்கு வந்தது. யாருக்கு வரும் பின்னே?

வெட்ட ஆரம்பிக்கும் முன் கேட்டேன். என் வாழ்க்கையில் அந்த அம்மாளிடம் நானாகக் கேட்டது அந்த ஒன்றுதான்.

“அக்கா, ஓட்டை விழுந்ததுல ஒண்ணு நான் எடுத்துக்கிடட்டுமா? போட மாட்டேன். சும்மா வச்சுக்கிடுவேன்.”

“அய்யோ சாமி, எண்ணிக் குடுக்கோணுமல்ல? ஒண்ணு கொறஞ்சாலும் அடுத்த ஆர்டர் வராது. நீ வெட்டு கண்ணு.”

வெட்டினேன். முகத்தில் வெட்டாமல் ஓரமாக, சூரியன் பக்கமாக வெட்டினேன். அவர் எட்டிப் பார்த்து, “நடு மூஞ்சில போடு சாமி, அப்பத்தான் ஒத்துக்குவாங்க” என்றார். நடு முகத்தில் போட்டேன். பின்னலாடைத் துணி வெட்டினால் சத்தம் வராது. வெட்டிய இடம் சுருண்டுகொள்ளும். நெற்றியும் முடியும் ஒரு பக்கம், வாயும் தழும்பும் ஒரு பக்கமாகச் சுருண்டு ஒவ்வொன்றாகக் கூடைக்குள் விழுந்தது.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அவர் குவியலைக் கிளறி ஒன்றை எடுத்தார். அக்குளில் சின்ன எண்ணெய்க் கறை, வேறு ஒரு குறையும் இல்லை. உதறிப் பார்த்து நாற்காலியின் முதுகில் போட்டார்.

“இத வெட்டாத. எம் பொண்ணு கோயமுத்தூர் ஆஸ்டல்ல போட்டுக்குவா. ஒண்ணு கொறஞ்சா என்ன, நா சொல்லிக்கறேன்.”

சொல்லிவிட்டு உள்ளே போன் மணி அடித்ததால் எழுந்து போனார்.

நாற்காலியில் கப்பல்காரி முழுதாகத் தொங்கிக்கொண்டிருந்தாள். நகத்துக்குப் பாலிஷ் போட்டவள் இதைப் போட்டுக்கொண்டு ஆஸ்டலில் தூங்குவாள். இவள் யார், ஏன் முடி வளர்த்திருக்கிறாள் என்று அவளுக்குத் தெரியவே தெரியாது. நான் யோசிக்கவில்லை. எழுந்து போய் அதை எடுத்துக் குறுக்காக ஒரு வெட்டு, நெடுக்காக ஒரு வெட்டு போட்டுக் கூடையில் எறிந்தேன்.

அவர் திரும்பி வந்து நாற்காலியைப் பார்த்தார். கீழே குனிந்து தேடினார்.

“இங்க வெச்சிருந்தனே, அது எங்க சாமி?”

கூடையைக் காட்டினேன்.

“செத்துப்போயிட்டா அக்கா.”

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. அவர் முகம் சிவந்தது, ஆனாலும் வாயிலிருந்து வந்தது மரியாதைதான்: “நாளையிலருந்து வேலைக்கு வேற எடம் பாத்துக்கங்க கண்ணு.” ஒரே மாதத்தில் வீட்டையும் காலி செய்தோம். சாமான் ஏற்றிய வண்டியில் அம்மா என்னைத் திட்டிக்கொண்டே வந்தாள்.

வண்டி நகர்ந்த பிறகுதான் எனக்கு ஒன்று உறைத்தது. அந்த அம்மாள் போன் பேசிக்கொண்டிருந்த நேரத்தில் நான் அந்தச் சட்டையைச் சுருட்டி என் சாப்பாட்டுப் பைக்குள் போட்டிருக்கலாம். அவரே ஒன்று குறைத்துச் சொல்வதாக இருந்தார், கணக்கு இடிக்காது; கேட்டால் தெரியாமல் வெட்டிவிட்டேன் என்று கூடையைக் காட்டியிருக்கலாம். எனக்கு அது தோன்றவே இல்லை. அந்த நிமிடம் எனக்குக் கப்பல்காரி வேண்டியிருக்கவில்லை, அவர்களுக்குக் கிடைக்கக் கூடாது என்பதுதான் வேண்டியிருந்தது. ஏழு வருடம் கழித்து வீடு திரும்பியவளை ஒரு பகல்கூட வைத்துக்கொள்ளாமல் நானே என் கையால் வெட்டினேன். அதற்கும் சேர்த்துத்தான் அந்த அம்மாளை நான் மன்னிக்கவில்லை.